மீனுக்கு உணவிடும் ஒழுங்கும் உணவை நிறுத்தும் நாட்களும்

நெல்வயலையும் மரக்கறித் தோட்டத்தையும் உடைய கமக்காரர் பலர், வீட்டின் அயலிலோ வயலின் தாழ்ந்த மூலையிலோ சிறு தடாகம் ஒன்றை அமைத்து மீன் வளர்த்து வருகின்றனர். வயலிற் கிடைக்கும் தவிடும், தோட்டத்திற் கழிக்கப்படும் இலைகளும், மாட்டெருவும் மீனாக மாறி வீட்டாரின் உணவுக்கும் விற்பனைக்கும் உதவுகின்றன. தடாகத்தின் அடியிற் படியும் சேறு மீண்டும் தோட்டத்துக்குப் பசளையாகின்றது. இத்துணை நன்மை தரும் இம்முயற்சியில் நட்டம் அடைந்தோரின் தடாகங்களைப் பார்த்தால், உணவு போதாமையால் வந்த கேட்டிலும் உணவு மிகுந்தமையால் வந்த கேடே பல இடங்களிற் காணப்படும்.

மாரிகாலத்தில் இரண்டு மூன்று நாட்கள் வானம் மூடியிருக்கின்றது. வழமைபோல மாலையில் தவிடும் பிண்ணாக்கும் தடாகத்திற் கொட்டப்படுகின்றன. மறுநாள் விடியற்காலையில் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திணறுகின்றன. சூரியன் எழுமுன் பெரிய மீன்கள் வயிறு மேலாக மிதக்கின்றன. ஐந்து மாத உழைப்பு ஓர் இரவில் அழிகின்றது. எவரோ நஞ்சிட்டனர் என்று அயலவரை ஐயுறுவதும் உண்டு. ஆனால், பெரும்பாலும் இவ்வழிவு வெளியிலிருந்து வந்ததன்று. தவிட்டுச் சாக்கிலிருந்தே வந்ததாகும். அன்று மாலை உணவு நிறுத்தப்பட்டிருந்தால் அம்மீன்களிற் பல பிழைத்திருக்கக்கூடும்.

எவ்வளவு உணவு இடுவது, எந்நேரத்தில் இடுவது, எந்நாளில் இடாதிருப்பது என்னும் மூன்றையும் கமக்காரர் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும்.

மீனின் உடலும் அதன் பசியும்

மாடும் ஆடும் தம் உடலைச் சூடாக வைத்திருப்பதற்கே உண்ட உணவில் ஒரு பங்கைச் செலவிடுகின்றன. மீனின் உடல் வெப்பமோ அது வாழும் நீரின் வெப்பத்தைப் பின்பற்றுவது. ஆகவே உடலைச் சூடாக்க அதற்கு உணவு வேண்டியதில்லை. மாட்டுக்கு ஒரு நாள் தீனி இல்லாவிடின் அது பெரிதும் வாடும். வளர்ந்த மீனுக்கு ஒரு நாள் உணவு இல்லாமை ஒரு பொருட்டன்று. இயற்கையில் ஆற்றிலும் குளத்திலும் வாழும் மீன்கள் உணவு மிகுந்த நாட்களையும் குறைந்த நாட்களையும் மாறி மாறிக் கண்டே வளர்கின்றன. திலாப்பியாவின் தாய்மீன் முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும் ஏறத்தாழ இரண்டு கிழமைகளில் உணவு கொள்வது மிக அரிது. அதன்பின் அது மீண்டும் உண்டு உடல் தேறுகின்றது.

நீரின் வெப்பம் கூடக்கூட மீனின் பசியும் சமிபாடும் விரைவடையும். குறையக் குறைய அவை மந்தமாகும். திலாப்பியா 27 முதல் 30 பாகை செல்சியசு வரையுள்ள நீரில் நன்கு உண்டு வளரும். நீர் 20 பாகைக்குக் கீழே செல்லும்போது அதன் பசி மிகக் குறையும். உலர்வலயத்திலுள்ள கமக்காரருக்கு இக்குளிர் பெரும்பாலும் இடையூறாகாது. மலைநாட்டில் மரக்கறி செய்வோர் சாதாக் கெண்டை போன்ற குளிர் தாங்கும் மீனை வளர்ப்பினும், பனி விழும் மாதங்களில் உணவின் அளவைக் குறைத்தல் வேண்டும்.

எல்லா மீன்களும் ஒரே வகையாக உண்பனவல்ல. கெண்டை இனங்களுக்கு இரைப்பை இல்லை. உண்ட உணவு நேரே குடலுக்குச் செல்கின்றது. ஆகவே அவை ஒரே வேளையிற் பெருந்தொகை உணவைக் கொள்ளமாட்டா. சிறிது சிறிதாக நாள் முழுவதும் மேய்பவை. திலாப்பியாவுக்குச் சிறிய இரைப்பையும் உடலின் நீளத்தைப் பன்மடங்கு விஞ்சிய நீண்ட குடலும் உண்டு. பாசியைத் தின்று சமிக்கச் செய்தற்கு ஏற்ற அமைப்பு இது. இவ்விரு வகை மீன்களுக்கும் ஒரு சாக்குத் தவிட்டை ஒரே வேளையிற் கொட்டுவதாற் பயனில்லை. உண்ணப்படாத பங்கு அடியில் அமர்ந்து அழுகும்.

தடாகமே முதலாவது களஞ்சியம்

எருவிட்டுப் பேணப்பட்ட தடாகத்தின் நீர் இளம்பச்சை நிறமாயிருக்கும். அந்நிறம் கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகளால் ஆயது. அவற்றையும் அவற்றைத் தின்னும் சிற்றுயிர்களையும் உண்டே திலாப்பியாவும் கட்லா, ரோகு போன்ற கெண்டைகளும் பெரும்பங்கு வளர்ச்சி அடைகின்றன. தவிடும் பிண்ணாக்கும் இவ்வியற்கை உணவுக்கு மேலதிகமாக இடப்படுவனவே.

நீரின் தரத்தை அறிய எளிய வழி ஒன்றுண்டு. வெயில் உள்ள முற்பகலிற் கையை நேராக நீருக்குள் இறக்குக. முழங்கை நனையும் ஆழத்தில், அதாவது ஏறத்தாழ 30 முதல் 40 சென்ரிமீற்றர் ஆழத்தில், விரல்கள் மறைந்தால் நீர் தக்க செழிப்புடன் இருக்கின்றது. அதற்கும் கீழே விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் இயற்கை உணவு குறைவு. எருவும் நாள்தோறும் உணவும் வேண்டும். மணிக்கட்டு நனைந்தவுடனேயே விரல்கள் மறைந்தால் பாசி அளவுக்கு மிஞ்சிவிட்டது. எருவையும் உணவையும் உடனே நிறுத்துதல் வேண்டும்.

இயற்கை உணவின் வலிமையைப் பிறநாட்டு ஆய்வுகள் நன்கு காட்டியுள்ளன. தாய்லாந்தில் எருவிட்ட தடாகங்களில் நடத்தப்பெற்று 1996 இல் வெளியான ஆய்வு ஒன்று, திலாப்பியா ஏறத்தாழ 100 கிராம் எடை அடையும் வரை மேலதிக உணவின்றியே வளர விடுவதும், அதன்பின் உணவிடத் தொடங்குவதும் சிக்கனமான முறை என்று காட்டிற்று. பிலிப்பைன்சில் நடத்தப்பெற்று 2006 இல் வெளியான வேறோர் ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாள் உணவு பெற்ற திலாப்பியாவின் வளர்ச்சி, நாள்தோறும் உணவு பெற்ற மீன்களின் வளர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. உணவுச் செலவோ ஏறத்தாழ அரைவாசியாயிற்று. உணவு கிடையாத நாளில் அம்மீன்கள் தடாகத்தின் பாசியை மேய்ந்தன. பாசியற்ற தெளிந்த நீரிலோ சீமெந்துத் தொட்டியிலோ இம்முறை பலிக்காது என்பதை மறத்தலாகாது.

எவ்வளவு இடுவது?

உணவின் அளவைத் தடாகத்தின் பரப்பைக் கொண்டோ சாக்கிலுள்ள தவிட்டைக் கொண்டோ தீர்மானித்தல் தவறாகும். தடாகத்திலுள்ள மீன்களின் மொத்த எடையைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். திலாப்பியாவுக்கு ஒரு நாளைக்கு ஏற்ற அளவு ஏறத்தாழப் பின்வருமாறு:

5 முதல் 20 கிராம் எடையுள்ள குஞ்சுகளுக்கு, உடல் எடையின் 100 இல் 4 முதல் 6 பங்கு.

20 முதல் 100 கிராம் எடையுள்ள மீன்களுக்கு, 100 இல் 3 முதல் 4 பங்கு.

100 கிராமுக்கு மேற்பட்ட மீன்களுக்கு, 100 இல் 2 முதல் 3 பங்கு.

மீன் சிறிதாயிருக்கையில் எடைக்கேற்ப மிகுதியாகவும், பெரிதாகப் பெரிதாக எடைக்கேற்பக் குறைவாகவும் உணவு வேண்டியிருப்பது இதனால் விளங்கும். நீர் பச்சையாக இருந்தால் இவ்வளவிலும் குறைத்து இடலாம்.

எடுத்துக்காட்டாக, 20 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமுமுள்ள தடாகத்தில் 400 மீன்கள் உள்ளன என்க. வீச்சு வலையால் 20 மீன்களைப் பிடித்து, நீருள்ள வாளியில் இட்டு நிறுத்து, வாளியினதும் நீரினதும் எடையைக் கழித்தபின் 2 கிலோகிராம் வந்தது எனின், ஒரு மீனின் சராசரி எடை 100 கிராம். 400 மீன்களின் எடை 40 கிலோகிராம். 100 இல் 3 பங்கு வீதம் ஒரு நாளைக்கு 1.2 கிலோகிராம் உணவு போதும். இதனைக் காலை 600 கிராமும் மாலை 600 கிராமுமாகப் பிரித்திடலாம். நாள்தோறும் நிறுப்பது கடினமாயின், ஒரு சிரட்டையில் எத்தனை கிராம் கொள்ளும் என்பதை ஒருமுறை நிறுத்தறிந்து, அச்சிரட்டையையே அளவாகக் கொள்ளலாம்.

இரு கிழமைகளுக்கு ஒருமுறை இவ்வாறு நிறுத்து அளவைத் திருத்துதல் வேண்டும். மீன்களின் எண்ணிக்கையையும் மறுபடி சிந்தித்தல் நன்று. கொக்கும் நீர்க்காகமும் கொண்டு சென்ற மீன்களுக்கும் சேர்த்து உணவிடுவோர் உளர். அவ்வுணவு முழுவதும் சேறாகின்றது.

தவிட்டையும் தேங்காய்ப் பிண்ணாக்கையும் எடையிற் சமமாகக் கலந்து, சிறிது நீர்விட்டுப் பிசைந்து உருண்டைகளாக்கித் தட்டில் வைத்து இறக்குவது சிறந்த முறை. உலர்ந்த தவிட்டை அப்படியே வீசினால் ஒரு பங்கு காற்றோடு கரைக்குச் செல்லும். தட்டை மரச்சட்டத்தில் வலைத்துணி கட்டி வீட்டிலேயே செய்யலாம். ஒரு மணி நேரத்தின்பின் அதனை உயர்த்திப் பார்த்தல் வேண்டும். உணவு மீந்திருந்தால் அடுத்த வேளை காற்பங்கு குறைக்க. கால்மணி நேரத்திலேயே முற்றாகத் தீர்ந்திருந்தால் அடுத்த நாள் சிறிது கூட்டலாம். நீருக்குள் நிகழ்வதைக் கமக்காரருக்குக் காட்டும் கண் இத்தட்டேயாகும்.

எந்நேரத்தில் இடுவது?

தடாகத்து நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் பகலில் ஏறுவதும் இரவில் இறங்குவதுமாக இருக்கும். பகலிற் பாசிகள் சூரியவொளியைக் கொண்டு ஒட்சிசனை வெளியிடுகின்றன. இரவிலோ பாசியும் மீனும் சேற்றிலுள்ள பற்றீரியாக்களும் ஒருங்கே ஒட்சிசனைச் செலவிடுகின்றன. ஆகவே விடியற்காலையில் அது மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும். ஓர் இலீற்றர் நீரில் 5 மில்லிகிராம் ஒட்சிசன் இருப்பது நன்று. 3 மில்லிகிராமுக்குக் குறைந்தால் மீனின் பசி குன்றும்.

உணவு உண்டபின் அதனைச் சமிக்கச் செய்வதற்கு மீனுக்கு மேலதிக ஒட்சிசன் வேண்டும். இத்தேவை உண்டு சில மணி நேரத்தில் உச்சத்தை அடையும். உணவிலுள்ள புரதத்தின் கழிவாகிய அமோனியாவும் அந்நேரத்திலேயே செவுள் வழியாக நீருக்குள் மிகுதியாக வெளிவரும். பொழுது சாய்ந்தபின் உணவிட்டால், ஒட்சிசன் இறங்கும் நேரமும் மீனுக்கு அது மிகுதியாக வேண்டப்படும் நேரமும் ஒன்றாகிவிடும். மீதமான உணவு அழுகுவதற்கும் அதே ஒட்சிசன் செலவாகும். மூன்று வாய்க்கால்கள் ஒரே மடையிலிருந்து நீரை இழுத்தால் வயல் வறள்வது போன்றது இது.

எனவே காலை உணவைச் சூரியன் நன்கு எழுந்தபின் 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையிலும், இரண்டாவது உணவைப் பிற்பகல் 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையிலும் இடுதல் தகும். இடமும் நேரமும் மாறாதிருந்தால் மீன்கள் அவற்றைப் பழகிக்கொண்டு தாமே வந்து கூடும். அவ்வாறு கூடும் வேகத்தைக் கொண்டு அவற்றின் நலத்தையும் நாள்தோறும் மதிப்பிடலாம். கூடாத நாளில் ஏதோ குறை உண்டென அறிக.

பட்டினியால் உடலில் நிகழ்வது

உணவு நின்றவுடன் மீன் முதலில் ஈரலிற் சேர்த்துவைத்த மாப்பொருட் சேமிப்பைச் செலவிடும். அதன்பின் குடலைச் சூழ்ந்தும் ஈரலிலும் உள்ள கொழுப்பைச் செலவிடும். இவை குன்றியபின் தசையின் புரதமே கரையத் தொடங்கும். ஓரிரு நாட் பட்டினி முதலிரு சேமிப்புக்களையே தொடும். பல கிழமைப் பட்டினி தசையைத் தின்னும்; குடலின் சுவர் மெலியும்; சமிபாட்டு நொதியங்கள் குறையும்; நோயை எதிர்க்கும் வலிமையும் தளரும். தலை பெரிதாகவும் உடல் ஒடுங்கியும், வயிறு உட்குழிந்தும், முதுகு கத்திபோல் மெலிந்தும் காணப்படும் மீன் நெடுநாட் பட்டினிக்கு உள்ளானதாகும்.

மறுபுறத்தில், அளவின்றி உணவு பெற்ற மீனின் ஈரலிலும் வயிற்றிலும் கொழுப்பு மிகுந்து, குடலை வெட்டி அகற்றும்போது கழிவாகவே போகின்றது. கமக்காரர் தவிட்டுக்குக் கொடுத்த பணம் விற்கத்தக்க தசையாக மாறவில்லை என்பதே இதன் பொருள்.

குறுகிய பட்டினியின்பின் மீண்டும் உணவு கிடைக்கும்போது மீன் வழமையிலும் விரைந்து வளர்வதுண்டு. இதனை ஈடுசெய் வளர்ச்சி என்பர். பசி மிகுதியால் அது கூடுதலாக உண்பதும், உண்டதைச் செவ்வையாகப் பயன்படுத்துவதும் இதற்குக் காரணங்களாம். நெற்பயிருக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் மாறி மாறி வேண்டும் என்று அறிந்த கமக்காரருக்கு இது புதுமையன்று. ஆயினும் காய்ச்சல் அளவு கடந்தால் பயிர் கருகும். மீனின் பட்டினி பல கிழமைகள் நீடித்தாலும், இழந்த வளர்ச்சியை அது பெரும்பாலும் முழுவதும் ஈடுசெய்வதில்லை.

புரதத்தை மாற்றி மாற்றி இடும் முறை

முற்றாக உணவை நிறுத்தாது உணவின் தரத்தை மாற்றும் வழியும் உண்டு. இதில் இலங்கை அறிவியலாளரின் பங்கு பெரிது. மாத்தறையிலுள்ள றுகுணு பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பேராசிரியர் சேன டி சில்வா, மீன் உண்ட உணவைச் சமிக்கச் செய்யும் திறன் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதைக் கவனித்தார். நாள்தோறும் புரதம் மிகுந்த உணவை இட்டால், திறன் தாழ்ந்த நாட்களில் அதன் ஒரு பங்கு வீணாகும் என்பது அவர் கருத்து. ஆகவே புரதம் மிகுந்த உணவையும் குறைந்த உணவையும் நாட்களை முறைப்படுத்தி மாற்றி இடும் முறையை 1985 இல் திலாப்பியாக் குஞ்சுகளைக் கொண்டு சோதித்து வெளியிட்டார். பின்னர் இந்தியாவில் கட்லா, ரோகு, சாதாக் கெண்டை ஆகியவற்றிலும் இம்முறை களத்திற் சோதிக்கப்பெற்று 1994 இல் முடிவுகள் வெளியாயின. தக்க ஒழுங்குகளில் வளர்ச்சி குன்றாமலே புரதச் செலவு குறைந்தது.

இதனைச் சிறு கமக்காரர் பின்வருமாறு கையாளலாம். மீன்தூள், பிண்ணாக்கு ஆகியன கலந்த விலையுயர்ந்த உணவை ஒரு நாளும், தவிடு மிகுந்த மலிவான உணவை மறுநாளும் மாறி மாறி இடுக. புல்கெண்டை உள்ள தடாகத்தில் மலிவு நாளிற் கோவாவின் புற இலைகளையும் கங்குங் தண்டுகளையும் இட்டு உதவலாம்.

உணவை நிறுத்த வேண்டிய நாட்கள்

இலங்கணம் பரம ஔடதம் என்பது முன்னோர் வழக்கு. தடாகத்துக்கும் அது பொருந்தும் வேளைகள் உள.

முதலாவது, வானம் மூடியிருக்கும் நாட்கள். சூரியவொளி குன்றினால் பாசிகள் வெளியிடும் ஒட்சிசனும் குன்றும். ஒரு நாள் மூடியிருந்தால் உணவை அரைவாசியாக்குக. இரண்டாவது நாளும் தொடர்ந்தால் உணவையும் எருவையும் முற்றாக நிறுத்துக. மீன் மெலிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய்திறந்து நிற்கும் நாள். இதனைப் பசியென்று எண்ணி உணவிடுதல் பெருந்தவறு. அது மூச்சுத் திணறலேயாகும். உடனே புதுநீர் பாய்ச்சுக. அல்லது நீரிறைக்கும் யந்திரத்தாற் தடாகத்து நீரையே உயர வீசி விழச் செய்க. மீன்கள் தெளிந்து, நீரும் திருந்தும் வரை உணவு வேண்டாம்.

மூன்றாவது, பெருமழையாற் கலங்கல் நீர் தடாகத்துட் புகுந்த நாளும், மீன்கள் நோயுற்று உணவுக்கு வராத நாட்களும்.

நான்காவது, மீனைப் பிடிப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் முந்திய நாள். வெதுவெதுப்பான நீரில் ஒரு நாட் பட்டினியாற் குடல் பெரும்பாலும் வெறுமையாகும். குடல் நிறைந்த குஞ்சுகளைப் பையில் அடைத்தால், அவற்றின் கழிவால் நீர் கெட்டு வழியிலேயே இறந்துபோம். ஆகையாற் குஞ்சுகளை ஏற்றுமுன் 24 முதல் 48 மணி நேரம் உணவை நிறுத்துவது வழக்கம். தம்புள்ளை, உடவளவை, இங்கினியாகல முதலிய இடங்களிலுள்ள அரச நிலையங்களிலோ தனியாரிடமோ குஞ்சு பெறுவோர், உணவு நிறுத்தப்பட்டதா என்று கேட்டறிதல் நன்று. பையைத் தடாகத்து நீரிற் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானபின் குஞ்சுகளை விடுவிக்க. அன்றைய நாள் உணவு வேண்டாம்.

உணவுக்காகப் பிடிக்கப்படும் மீனும் ஒரு நாட் பட்டினியிருந்தால் வயிறு தூயதாயிருக்கும். பிடித்தபின் விரைவிற் கெடாது. சேற்று மணம் உள்ள மீனைச் சில நாட்கள் தூய நீரில் விட்டுவைத்தால் அம்மணம் குறையும்.

ஐந்தாவது, கிழமைக்கு ஒரு நாள். மேற்கூறிய காரணங்கள் எதுவும் இல்லாதபோதும், பச்சைநீர்த் தடாகத்தில் வளர்ந்த மீன்களுக்குக் கிழமையில் ஒரு நாள் உணவை நிறுத்தலாம். மீந்த உணவை மீன்கள் தேடித் தின்பதாற் தடாகத்தின் அடி தூய்மையடையும். இது பழகியபின், நீரின் பச்சை நிறம் நிலைத்திருப்பதைக் கண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் இடும் முறைக்கு மாறலாம். மேற்காட்டிய தடாகத்தில் 30 நாட்களும் உணவிட்டால் 36 கிலோகிராம் செலவாகும். ஒருநாள் விட்டு ஒருநாள் இட்டால் 18 கிலோகிராம் போதும். உணவிடும் நாளில் இருமடங்கு இடுதல் கூடாது. மீன் இருமடங்கு உண்ணாது. மிஞ்சியது நீரைக் கெடுக்கும்.

பட்டினி ஆகாதவை

இளங்குஞ்சுகளைப் பட்டினியிடலாகாது. முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சட்கரு தீர்ந்தபின் அவற்றின் உடலிற் சேமிப்பு இல்லை. குறித்த காலத்துக்குள் உணவு கிடையாவிடின், பின்பு உணவு கிடைத்தும் உண்ணும் வலிமையற்று இறக்கும். பசித்த குஞ்சுகளிற் பெரியவை சிறியவற்றைத் தின்பதும் உண்டு. ஆகவே குஞ்சுகளுக்கு நாள்தோறும் மூன்று நான்கு வேளைகளிற் சிறிது சிறிதாக நுண்ணிய உணவு இடுதல் வேண்டும்.

குஞ்சு பெறுவதற்காக வைத்திருக்கும் தாய்மீன்களுக்கும், நோயிலிருந்து தேறிய மெலிந்த மீன்களுக்கும், தெளிந்த நீரில் நெருக்கமாக வளர்க்கப்படும் மீன்களுக்கும் பட்டினி முறை ஏற்றதன்று. பல நாட்கள் உணவின்றி இருந்த மீன்களுக்கு முதல் நாளிலேயே முழு அளவு இடாது, காற்பங்கிலிருந்து தொடங்கிச் சில நாட்களில் முழு அளவுக்குக் கொண்டுவருதல் வேண்டும்.

உணவின் தூய்மை

பூஞ்சணம் பிடித்த தவிட்டையும் பிண்ணாக்கையும் மீனுக்கு இடலாகாது. அப்பூஞ்சணங்களிற் சில உண்டாக்கும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். மாட்டுக்கு ஆகாதென்று ஒதுக்கியது மீனுக்கும் ஆகாது. சாக்குகளை ஈரமற்ற இடத்திற் பலகைமேல் அடுக்கி, ஒரு மாதத்துக்குப் போதுமானதை மட்டும் வாங்கி வைத்தல் நன்று. அண்மையிற் கிருமிநாசினி தெளித்த பாத்தியிலிருந்து கழித்த இலைகளைத் தடாகத்தில் இடுதலும், தெளிகருவியைத் தடாகத்திற் கழுவுதலும், மருந்து தெளித்த வயலின் கழிவுநீரைத் தடாகத்துட் பாயவிடுதலும் மீன்களை அழிக்கும்.

எடையே சாட்சி

இம்முறைகளிற் தமது தடாகத்துக்கு ஏற்றது எது என்பதைக் கமக்காரர் தாமே அறிந்துகொள்ளலாம். ஒரு கொப்பியில் நாள், வானிலை, இட்ட உணவின் எடை, தட்டில் மீந்தது, இரு கிழமைக்கொருமுறை கண்ட மீனின் சராசரி எடை ஆகியவற்றைக் குறித்து வருக. முன்கூறிய தடாகத்திற் கிழமைக்கு ஒரு நாள் நிறுத்தி இரு கிழமைகளில் 12 நாட்கள் உணவிட்டால் 14.4 கிலோகிராம் செலவாகும். மீனின் சராசரி எடை 100 கிராமிலிருந்து 120 கிராமாகியிருந்தால், 400 மீன்களும் 8 கிலோகிராம் வளர்ந்துள்ளன. 14.4 ஐ 8 ஆற் பிரித்தால் 1.8. அதாவது ஒரு கிலோகிராம் மீனுக்கு 1.8 கிலோகிராம் உணவு சென்றுள்ளது. இத்தொகை ஏறிக்கொண்டு போனால் உணவு வீணாகின்றது. உணவைக் குறைத்தபின் எடையும் வளராதிருந்தால் குறைப்பு அளவு கடந்துவிட்டது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மீன்களின் மொத்த எடையைக் கணக்கிட்டே உணவை அளந்திடுக.

2. காலை 9 மணிக்குப் பின்பும் மாலை 4 மணிக்கு முன்பும் உணவிடுக; இருளும் வேளையில் இடற்க.

3. ஒரு மணி நேரத்தின்பின் தட்டை உயர்த்திப் பார்க்க.

4. வானம் மூடிய நாளிலும் மீன் மேலே திணறும் நாளிலும் உணவையும் எருவையும் நிறுத்துக.

5. மீனைப் பிடிப்பதற்கும் ஏற்றுவதற்கும் முந்திய நாள் உணவிடற்க.

6. பச்சைநீர்த் தடாகத்தில் வளர்ந்த மீன்களுக்கு மட்டும் கிழமைக்கொரு நாட் பட்டினியையும், ஒருநாள் விட்டு ஒருநாள் உணவிடலையும் கையாள்க.

7. இளங்குஞ்சுகளை ஒருபோதும் பட்டினியிடற்க.

தவிட்டுச் சாக்கை அவிழ்ப்பதற்கு முன் வானத்தையும் நீரையும் தட்டையும் ஒருமுறை பார்க்கும் கமக்காரரின் தடாகத்தில், விடியற்காலையில் மீன்கள் மிதப்பது அரிதாகும். மிஞ்சிய தவிடு வீட்டிலேயே இருக்கும். வளர்ந்த மீன் சந்தைக்குச் செல்லும்.